கடனாளியின் வலிமை: உலக வங்கியும் இந்தியாவும், 1944–2022

1944 ஜூலை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பகுதியில் பிரெட்டன் வுட்ஸ் என்னும் ஊரின் பெரிய விடுதியொன்றில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடினர். போருக்குப் பிந்தைய உலகின் பணவியல் ஒழுங்கை அவர்கள் அங்கே வரைந்தனர். பன்னாட்டு நாணய நிதியமும், இன்று உலக வங்கி என்று அழைக்கப்படும் நிறுவனமும் அந்த மூன்று வாரப் பேச்சில் உருவானவை. விடுதலை பெறாத இந்தியாவும் அங்கே ஒரு குழுவை அனுப்பியிருந்தது. குழுவின் தலைவர் ஆங்கிலேய நிதி உறுப்பினர் ஜெரமி ரைஸ்மன். உடன் சென்றவர்களுள் ரிசர்வ் வங்கி ஆளுநர் சி. டி. தேஷ்முக், கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார், பம்பாய்த் தொழில்துறையின் சார்பாக ஏ. டி. ஷ்ராஃப் ஆகியோர் இருந்தனர்.

உலக வங்கியிடம் மிகுதியாகக் கடன் வாங்கிய நாடு என்று பின்னாளில் அறியப்பட்ட இந்தியா, அந்த வங்கி பிறந்த அறைக்குள் கடன் கொடுத்த நாடாகவே நுழைந்தது. இன்று இது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து படைக்கும் பண்டத்துக்கும் எடுத்துக்கொண்டதற்கு உடனே பணம் தரவில்லை. லண்டனில் ஸ்டெர்லிங் இருப்பாகக் கணக்கில் எழுதி வைத்தது. போர் முடிந்தபோது அந்த இருப்பு ஏறத்தாழ 1,700 கோடி ரூபாய். அது எவ்வாறு சேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் நோட்டு அச்சிடப்பட்டது, விலைவாசி ஏறியது, 1943இல் வங்காளத்தில் இருபது முதல் முப்பது லட்சம் பேர் பஞ்சத்தில் மாண்டனர். லண்டன் ஏட்டில் இந்தியாவின் பெயரில் எழுதப்பட்ட எண்ணுக்குப் பின்னால் அந்தப் பட்டினியும் இருந்தது.

அந்த இருப்பில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்றித்தர வழி செய்ய வேண்டும் என்று இந்தியக் குழு கேட்டது. அது பிரிட்டனுக்கும் அதன் கடன்காரர்களுக்கும் இடையேயான விஷயம் என்று கெயின்ஸ் மறுத்துவிட்டார். வங்கியில் பத்து லட்சம் டாலர் வைத்திருந்தும் வாடகைக் காருக்குக் கொடுக்கக் கையில் காசில்லாதவனின் நிலைக்கு எங்களை ஆளாக்குகிறீர்கள் என்று ஷ்ராஃப் மாநாட்டில் முறையிட்டார். முறையீடு பதிவாயிற்று; பணம் வரவில்லை.

பணத்துக்குப் பதிலாக வேறொன்று கிடைத்தது. வங்கியின் மூலதனத்தில் இந்தியாவின் பங்கு 40 கோடி டாலர் என வரையறுக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் இறுதியில் சேராமல் விலகிக்கொள்ளவே, முதல் ஐந்து பெரும் பங்குதாரர்களுள் ஒன்றாக இந்தியா உயர்ந்தது. ஐந்து பெரும் பங்குதாரர்கள் தத்தமக்கென ஒரு செயல் இயக்குநரை நேரடியாக நியமித்துக்கொள்ளலாம் என்பது விதி. ஆகவே தொடக்கம் முதலே இந்தியா வங்கியின் மேசையில் இரு பக்கமும் அமர்ந்தது: ஒரு பக்கம் கடன் கேட்பவராக, மறுபக்கம் கடன் தரலாமா என்று தீர்மானிப்பவராக. பின்னாளில் நிகழ்ந்த பலவற்றுக்கு இந்த இரட்டை இருக்கையே திறவுகோல்.

முதல் கடன் 1949 ஆகஸ்டில் வந்தது. இரயில்வேக்காக 3.4 கோடி டாலர். நீராவி எஞ்சின்களும் அவற்றின் உதிரிப் பாகங்களும் வாங்க. ஆசிய நாடொன்றுக்கு வங்கி கொடுத்த முதல் கடனும் அதுவே. போரில் ஓய்வின்றி ஓடித் தேய்ந்த எஞ்சின்கள், பிரிவினையில் கூறுபட்ட தடங்கள், அகதிகளைச் சுமந்த வண்டிகள் என்று நிலைகுலைந்து கிடந்த இரயில்வேக்கு அது தேவையாகவே இருந்தது. அடுத்த மாதமே 1 கோடி டாலர் இரண்டாம் கடன். அதன் நோக்கம் சுவையானது. மத்திய இந்தியாவின் கரிசல் நிலங்களில் காஸ் என்னும் புல் ஆழமாக வேரோடிப் பரவி, மாட்டு ஏர் புக முடியாதபடி நிலத்தைத் தரிசாக்கியிருந்தது. அதன் வேரை அறுத்தெடுக்கக் கனரக டிராக்டர்கள் வாங்கவே அந்தக் கடன். மூன்றாவது, 1950 ஏப்ரலில் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு, போகாரோ அனல்மின் நிலையத்தை முதன்மையாகக் கொண்டு, 1.85 கோடி டாலர்.

எஞ்சின், டிராக்டர், கொதிகலன். வங்கியின் பொறியாளர்கள் வந்தனர், அளந்தனர், கணக்கிட்டனர். நிலக்கரி எங்கிருந்து வரும், மின்சாரத்தை யார் வாங்குவார், அசலும் வட்டியும் எந்த ஆண்டில் திரும்பும் என்பன போன்ற கேள்விகள் நுணுக்கமாகக் கேட்கப்பட்டன. அணை கட்டினால் எத்தனை ஊர் மூழ்கும், அந்த ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி அந்தக் காலத்துக் கடன் பேச்சில் ஒரு தலைப்பாகவே இடம்பெறவில்லை. தாமோதரின் அணைகளுக்காகச் சந்தால் குடிகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு எழுந்தனர். கட்டாய இடப்பெயர்வு பற்றி உலக வங்கி எழுத்தில் ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டது 1980இல்தான்; இந்தியாவுக்கு முதல் கடன் கொடுத்து முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து. இதற்கு வங்கியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. புது தில்லியும் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

அந்நாளில் இருவரும் சண்டையிட்டது வேறொன்றைப் பற்றி. 1956இல் வங்கித் தலைவர் யூஜின் பிளாக், நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தனியார் துறைக்கு இடம் தரத் தயங்குகிறது, அது வளர்ச்சியைத் தடுக்கும் என்பது கடிதத்தின் சாரம். கடிதம் வெளியானதும் கொந்தளிப்பு எழுந்தது. கடன் கொடுப்பவன் குடும்ப நிர்வாகத்திலும் தலையிடுகிறானே என்ற சினம் நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் ஒலித்தது. ஆனால் மறு ஆண்டே அந்நியச் செலாவணி கரைந்தது. திட்டத்துக்கான எந்திரங்களை இறக்குமதி செய்யப் பணமில்லை.

பிளாக் அப்போது செய்தது என்ன? கைகழுவவில்லை. 1958 ஆகஸ்டில் அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, கனடா, ஜப்பான் ஆகிய ஐந்து நாடுகளை வாஷிங்டனுக்கு அழைத்து, இந்தியாவின் பற்றாக்குறையை எப்படி நிரப்புவது என்று பேசவைத்தார். இந்திய உதவிக் கூட்டமைப்பு பிறந்தது அவ்வாறே. ஒரு தனி நாட்டுக்காகக் கடன் கொடுப்போர் கூடிய இத்தகைய முதல் மன்றம் அது. இரண்டு ஆண்டுகளில் அதைவிடப் பெரியதொன்றும் நடந்தது. வணிக வட்டியில் இனியும் இந்தியாவும் பாகிஸ்தானும் கடன் வாங்கினால் திருப்பிச் செலுத்த இயலாது என்று வங்கி கணித்தது. அதன் விளைவுகளுள் ஒன்று 1960இல் தொடங்கிய பன்னாட்டு வளர்ச்சிக் கழகம், அதாவது ஐ.டி.ஏ. ஐம்பது ஆண்டுத் தவணை, முதல் பத்தாண்டு அசல் செலுத்த வேண்டியதில்லை, வட்டியில்லை, முக்கால் விழுக்காடு சேவைக் கட்டணம் மட்டும். தொடக்கப் பத்தாண்டுகளில் அதன் பணத்தில் மிகப் பெரிய பங்கு இந்தியாவுக்கே வந்தது.

சிறிய நாடு கடனில் மூழ்கினால் அது அந்த நாட்டின் துயரம். நாற்பது கோடி மக்கள் வாழும் நாடு மூழ்கினால் அது கடன் கொடுத்தவரின் துயரமும் ஆகும். பனிப்போர்க் காலத்தில் அந்தக் கணக்கில் அரசியலும் சேர்ந்தது. சீனா ஒரு வழியில் போய்க்கொண்டிருந்தது. இந்தியா மற்றொரு வழியில் தோற்றுவிடக் கூடாது என்று வாஷிங்டன் விரும்பியது. ஆகவே வங்கி கோபித்துக்கொள்ளலாம், அறிவுரை சொல்லலாம். விட்டுவிட்டுப் போக முடியாது. இதை புது தில்லியின் அதிகாரிகள் நன்கு அறிந்திருந்தனர். கூட்டமைப்புப் பேச்சுகளில் முன்னின்ற பி. கே. நேரு போன்றோர் கெஞ்சும் குரலில் பேசியவர்கள் அல்லர்.

அந்தத் தன்னம்பிக்கை ஒரு முறை ஆழமாக அடிபட்டது. 1964இல் வங்கித் தலைவர் ஜார்ஜ் வுட்ஸ், பெர்னார்ட் பெல் என்னும் பொருளியலாளரின் தலைமையில் ஒரு பெருங்குழுவை இந்தியாவுக்கு அனுப்பினார். குழுவின் பரிந்துரைகள்: வேளாண்மைக்கு முதலிடம் தருக, இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்துக, ரூபாயின் மதிப்பைக் குறைக்க. கிருஷ்ணமாச்சாரி மதிப்புக் குறைப்பை உறுதியாக எதிர்த்தார். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர். அமெரிக்க உதவி நின்றது. அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. டிசம்பர் இறுதியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பதினொரு நாள் கழித்துத் தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி இறந்தார். புதிதாகப் பிரதமரான இந்திரா காந்தியின் முன் இருந்தவை வெற்றுக் களஞ்சியமும் பெல் அறிக்கையும்.

1966 வசந்தத்தில் திட்ட அமைச்சர் அசோக் மேத்தா வாஷிங்டன் சென்று வுட்ஸுடன் பேசினார். மதிப்பைக் குறைத்து இறக்குமதியைத் தளர்த்தினால், குறிப்பிட்ட திட்டம் எதற்கும் கட்டுப்படாத உதவியாக ஆண்டுக்கு 90 கோடி டாலர் அளவில் கூட்டமைப்பு திரட்டித்தரும் என்பது அங்கே உருவான புரிதல். ஜூன் 5 இரவு அறிவிப்பு வந்தது. மறுநாள் முதல் ஒரு டாலர் 4.76 ரூபாய் அன்று, 7.50 ரூபாய். நாட்டின் டாலர்க் கடன் முழுவதும் ரூபாய்க் கணக்கில் ஓரிரவில் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறிற்று.

இந்த முடிவைப் பற்றிக் காங்கிரஸ் தலைவர் காமராசரிடம் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. இந்திரா காந்தியைப் பிரதமராக்கியதில் முதன்மைப் பங்கு வகித்தவர் அவர். அவருடைய சினம் மறைவானதன்று. கட்சியின் செயற்குழுவே மதிப்புக் குறைப்பைக் கண்டித்தது. இருவருக்கும் இடையே விழுந்த பிளவு மூன்றாண்டில் கட்சியையே பிளந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் முதல் விரிசல்களுள் ஒன்று வாஷிங்டன் பேச்சிலிருந்து விழுந்தது.

பொருளாதார நோக்கில் அந்த முடிவு தவறா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. ரூபாயின் பழைய மதிப்பு நெடுங்காலம் நிற்கக்கூடியதன்று என்று வாதிட வலுவான காரணங்கள் இருந்தன. ஆனால் 1966லும் மழை பொய்த்தது, விலைகள் ஏறின, ஏற்றுமதி எதிர்பார்த்தபடி வளரவில்லை. வாக்குறுதியளித்த உதவி முதலாண்டு வந்தது, அதன்பின் சுருங்கியது. இந்தியா தன் பங்கை ஒரே இரவில் நிறைவேற்றிவிட்டது. கடன் கொடுத்தோர் தங்கள் பங்கை ஆண்டுதோறும் தங்கள் நாடாளுமன்றங்களின் மனப்போக்குக்கு ஏற்ப நிறைவேற்றவேண்டியிருந்தது. மதிப்புக் குறைப்பைத் திரும்பப் பெற முடியாது. உதவியைக் குறைப்பதோ எளிது.

தில்லி கற்ற பாடம் நீண்டகாலம் நிலைத்தது. அடுத்த கால் நூற்றாண்டு இந்தியா வங்கியிடம் நிறைய வாங்கியது: பாசனம், மின்சாரம், உரம், தொலைபேசி, சென்னையின் குடிசைப் பகுதி மேம்பாடு, தமிழ்நாட்டின் குழந்தைகள் ஊட்டச்சத்துத் திட்டம் என்று. ஆனால் நாட்டின் பொதுக் கொள்கையை மாற்று என்ற நிபந்தனையோடு வந்த கடனை ஏற்கத் தயங்கியது. ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள் 1980களில் கட்டமைப்புச் சீரமைப்புக் கடன்களில் சிக்கியபோது இந்தியா விலகி நின்றதற்கு 1966இன் நினைவும் ஒரு காரணம். அத்தகைய முதல் கடன், 50 கோடி டாலர், 1991 டிசம்பரில் வந்தபோது நாடு தங்கத்தை அடகு வைத்துப் பிழைத்திருந்தது. அந்த ஆண்டின் கதை பலமுறை சொல்லப்பட்டதே.

பெரிய கடனாளிக்கு இவ்வாறு வலிமை உண்டு. அந்த வலிமை யாருக்காகப் பயன்பட்டது என்பதை நர்மதைக் கரையில் பார்க்கலாம்.

சர்தார் சரோவர் அணைக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1961 ஏப்ரலில். நீர்ப் பங்கீட்டுச் சண்டை மாநிலங்களுக்கிடையே நீண்டது. நடுவர் மன்றத்தின் தீர்ப்பு 1979 டிசம்பரில் வந்தது. அணையின் உயரம் 138.68 மீட்டர். மூழ்கும் எல்லைக்குள் 245 ஊர்கள்: மத்தியப் பிரதேசத்தில் 193, மராட்டியத்தில் 33, குஜராத்தில் 19. நீரின் பெரும்பயன் குஜராத்துக்கு. நிலத்தை இழப்போர் பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்தில். நிலம் இழந்த குடும்பத்துக்குக் குறைந்தது இரண்டு ஹெக்டேர் மாற்று நிலம் தரவேண்டும் என்று தீர்ப்பு கூறியது. அக்காலத்துக்கு அது முற்போக்கான விதி. ஆனால் தலைமுறைகளாகக் காட்டு நிலத்தை உழுதுவந்து, பட்டா இல்லாததால் ஆக்கிரமிப்பாளர் என்று பதிவான பழங்குடியினருக்கு அந்த விதி பொருந்தவில்லை.

1985 மே மாதம் உலக வங்கி 45 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தம் செய்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே இடப்பெயர்வுக் கொள்கையும், மூன்றாண்டுகளுக்கு முன் பழங்குடி மக்கள் குறித்த கொள்கையும் வங்கியின் ஏட்டில் இருந்தன. மூழ்கும் பகுதியில் எத்தனை குடும்பங்கள் என்ற முழுமையான கணக்கு மட்டும் இல்லை. இந்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதியும் அப்போது கிடைத்திருக்கவில்லை. அது 1987இல் நிபந்தனைகளோடு வந்தது. கடன் முதலில், கணக்கு பிறகு.

இருப்பினும் அந்தக் கடன் ஒரு புதுமையைச் செய்தது என்பதை மறுக்க முடியாது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட சொற்கள் கிராமத்தானின் கைக்கு ஒரு பிடியைக் கொடுத்தன. குஜராத்தின் மூழ்கும் ஊர்களில் பணிபுரிந்த ஆர்ச்-வாகினி என்னும் அமைப்பு அந்தச் சொற்களைக் காட்டியே மாநில அரசோடு வாதாடியது. பட்டா இல்லாதோருக்கும், வயதுவந்த மகன்களுக்கும் இரண்டு ஹெக்டேர் என்று 1987இல் குஜராத் தன் விதியை விரிவாக்கியது. அதன்பின் அவ்வமைப்பு அணைக்கு ஆதரவாக நின்றது. மேதா பட்கர் முன்னின்ற நர்மதா பச்சாவோ இயக்கமோ, மறுவாழ்வு இயலாத ஒன்று என்று கண்டு அணையையே எதிர்த்தது. இவ்விரு முடிவுகளும் ஒரே பள்ளத்தாக்கில் ஒரே மக்களிடையே பணியாற்றியவர்கள் எடுத்தவை. ஒரு தரப்பை மட்டும் நேர்மையானது என்று எழுதிவிடுவது வரலாற்றாசிரியனுக்கு எளிய வழி, சரியான வழியன்று.

தில்லியும் காந்திநகரும் கேட்காத குரலை இயக்கம் வாஷிங்டனுக்குக் கொண்டுசென்றது. 1989 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழுவின் முன் மேதா பட்கர் சாட்சியமளித்தார். 1990 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் அணையை நோக்கி நடந்தனர். குஜராத் எல்லையில் ஃபெர்குவா என்னுமிடத்தில் காவல்துறை மறித்தது. எல்லையிலேயே அமர்ந்தனர். உண்ணாநிலை ஏறத்தாழ மூன்று வாரம் நீண்டது. இறுதியில் இறங்கிவந்தது இந்திய அரசு அன்று, உலக வங்கி. தன் கடனில் நடந்துவரும் ஒரு திட்டத்தைத் தனக்குக் கட்டுப்படாத குழுவொன்று ஆராய அது ஒப்பியது. அதன் வரலாற்றில் அது முதல் முறை.

ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர் பிராட்ஃபோர்ட் மோர்ஸ், கனடாவின் முன்னாள் நீதிபதி தாமஸ் பெர்கர் ஆகியோர் அக்குழுவை நடத்தினர். 1992 ஜூனில் வெளிவந்த அறிக்கை கடுமையானது. இன்றைய நிலையில் அனைவருக்கும் மறுவாழ்வு அளிப்பது இயலாது; சுற்றுச்சூழல் விளைவுகள் முறையாக ஆராயப்படவில்லை; வங்கி தன் கொள்கைகளைத் தானே மீறியது; ஆகவே வங்கி பின்வாங்கித் திட்டத்தைப் புதிதாக நோக்குவதே தக்கது.

1992 அக்டோபரில் செயல் இயக்குநர்கள் கூடினர். பிரெட்டன் வுட்ஸில் கிடைத்த இருக்கை இங்கே வேலை செய்தது. அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான், கனடா உள்ளிட்ட நாடுகளின் இயக்குநர்கள் கடனை நிறுத்தக் கோரினர். அவர்களின் வாக்கு வலிமை 42 விழுக்காடு. இந்தியாவின் பக்கம் வளரும் நாடுகள் அணிவகுத்தன. இன்று நர்மதையில் வெளியார் குழு அமர்ந்தால் நாளை எங்கள் ஆற்றிலும் அமரும் என்ற அச்சம் அவற்றுக்கு உண்டு. அது பொருளற்ற அச்சமும் அன்று. ஆறு மாதத்துக்குள் சில அளவுகோல்களை எட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு கடன் தொடர்ந்தது. ஏழை நாடுகளின் இறையாண்மை வென்றது. அந்த வெற்றியில் மணிபேலியின் பழங்குடிக் குடும்பத்துக்கு என்ன பங்கு? மூழ்கும் முதல் ஊர்களுள் ஒன்றான அதற்கு அந்த மண்டபத்தில் பேச்சாளர் எவரும் இல்லை. அதன் சார்பாக அங்கே அமர்ந்திருந்தவர், சட்டப்படி, இந்தியாவின் இயக்குநரே.

அளவுகோல்களை எட்ட முடியாது என்பது தெளிவானதும், 1993 மார்ச் இறுதியில், எஞ்சிய 17 கோடி டாலரை வாங்கிக்கொள்ளப் போவதில்லை என்று இந்தியாவே அறிவித்தது. வங்கி வெளியேற்றியது என்ற பெயரும் வரவில்லை; இந்தியா பணிந்தது என்ற பெயரும் வரவில்லை. பெரிய கடனாளிகளுக்கு மட்டுமே வாய்க்கும் நாகரிகமான விடைபெறல் அது.

அணை நிற்கவில்லை. அவ்வாண்டே அணை நிறுவனம் உள்நாட்டுச் சந்தையில் கடன் பத்திரம் வெளியிட்டது. 3,600 ரூபாய் போட்டால் இருபது ஆண்டில் 1,11,000 ரூபாய் என்பது அதன் கவர்ச்சி. நடுத்தரக் குடும்பங்கள் பெண்ணின் திருமணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்குமாக வாங்கின. பத்திரத்தின் சுமை தாங்காமல் பின்னர் அதை முன்கூட்டியே தீர்த்துமுடிக்க வேண்டிவந்தது தனிக்கதை. கவனிக்கவேண்டியது வேறு. வாஷிங்டனின் பணத்தோடு ஒட்டிவந்த கொள்கைகளும், கண்காணிப்புக் குழுக்களும், முறையிடும் வாயிலும் அதோடு போயின. பத்திரம் வாங்கியவரிடம் மணிபேலி முறையிட முடியாது.

உச்ச நீதிமன்றம் சில ஆண்டுகள் பணியை நிறுத்திவைத்து, 2000 அக்டோபரில் தொடர அனுமதித்தது. முழு உயரத்தோடு அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 2017 செப்டம்பரில். கச்சிலும் சௌராஷ்டிரத்திலும் குழாயில் நர்மதை நீர் வருகிறது. அந்த வீடுகளுக்கு அது சிறு பேறன்று.

நர்மதையின் விளைவாக வங்கியில் ஒரு கதவு திறந்தது. ஐ.டி.ஏ. நிதியைப் புதுப்பிக்க அமெரிக்க நாடாளுமன்றம் பணம் ஒதுக்கவேண்டிய வேளையில் எழுந்த அழுத்தத்தால், 1993 செப்டம்பரில் ஆய்வுக் குழு என்னும் நிலையான அமைப்பு நிறுவப்பட்டது. வங்கி தன் சொந்த விதிகளை மீறியதால் தீங்குற்றோம் என்று எந்த ஊராரும், தங்கள் அரசைக் கேட்காமலே, அங்கே முறையிடலாம். பிரெட்டன் வுட்ஸ் மேசைக்கு அரை நூற்றாண்டு கழித்து இடப்பட்ட மூன்றாவது நாற்காலி.

அந்த நாற்காலியில் இந்தியர் அமர முயன்றபோது என்ன நிகழ்ந்தது? 1997இல் சிங்ரௌலி அனல்மின் நிலையப் பகுதி மக்கள் முறையிட்டனர். நிலமிழந்தோருக்கு உரிய மறுவாழ்வு இல்லை என்பது புகார். ஆய்வுக் குழு நேரில் வந்து பார்ப்பதை இந்திய அரசு விரும்பவில்லை. வாஷிங்டனில் உள்ள கோப்புகளைப் படித்து ஆராய்ந்தால் போதும் என்று இயக்குநர் மன்றம் முடிவுசெய்தது. நிலத்தைப் பார்க்காமல் நிலமிழந்தோரைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வு அது. அவ்வாறிருந்தும் வங்கி தன் விதிகளைப் பல இடங்களில் பின்பற்றவில்லை என்றே குழு கண்டது. கோப்புகளே அவ்வளவு சொல்லின.

இதற்கிடையே நாட்டின் நிலை மாறியது. 1998இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குத் தண்டனையாக வளர்ந்த நாடுகள் வங்கிக் கடன்களைத் தள்ளிவைக்கச் செய்தன. இந்தியா பெரிதாக அசையவில்லை. 2003இல் சிறிய கொடையாளி நாடுகளின் உதவி இனி வேண்டாம் என்று இந்தியாவே சொல்லிவிட்டது. 2014இல் வருவாய் உயர்வின் காரணமாக ஐ.டி.ஏ. தகுதியிலிருந்து வெளியேறியது. அவ்வாண்டே பிரிக்ஸ் நாடுகளோடு புதிய வளர்ச்சி வங்கியை நிறுவ ஒப்பந்தமிட்டது. அதன் முதல் தலைவர் இந்தியரான கே. வி. காமத். ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியில் சீனாவுக்கு அடுத்த பெரும் பங்குதாரர் இந்தியா. அங்கிருந்து மிகுதியாகக் கடன் வாங்கும் நாடும் அதுவே. பழைய இரட்டை இருக்கை, புதிய மண்டபத்தில்.

நர்மதைக் கடனின் அதே தொகை, 45 கோடி டாலர், அதே குஜராத்துக்கு 2008இல் மீண்டும் வந்தது. இம்முறை உலக வங்கிக் குழுமத்தின் தனியார் துறைப் பிரிவான பன்னாட்டு நிதிக் கழகம், முந்திராக் கடலோரத்தில் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்குக் கொடுத்தது. நிலையத்திலிருந்து வெளியேறும் வெந்நீர் கடலை மாற்றுகிறது, கரையோர மீன்பாடு குறைகிறது, கிணறு உவர்க்கிறது என்று மீனவர்கள் 2011இல் கழகத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் முறையிட்டனர். 2013இன் தணிக்கை, மீனவர்மீதான விளைவுகளைக் கழகம் போதுமான அளவு ஆராயவில்லை என்று கண்டது. கண்டபின் ஒன்றும் மாறவில்லை என்று மீனவர்கள் 2015இல் வாஷிங்டன் நீதிமன்றத்துக்கே சென்றனர்.

பன்னாட்டு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர முடியாது என்பது அதுவரை சட்டமாகக் கருதப்பட்டது. 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தக் கருத்தை மாற்றியது: அத்தகைய நிறுவனங்களுக்கு முழுமையான விலக்கு கிடையாது. உலகெங்கும் அது செய்தியாயிற்று. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. அங்கே கேள்வி வேறு வடிவில் எழுந்தது: புகாருக்கு அடிப்படையான செயல் நடந்தது எங்கே? கடன் தீர்மானமானது வாஷிங்டனில். நிலையம் கட்டி நடத்தப்பட்டது இந்தியாவில். புகாரின் அடிப்படை இந்தியாவில் நடந்த செயலே, ஆகவே அமெரிக்க நீதிமன்றம் இதை விசாரிக்க இயலாது என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டு மன்றம் 2021இல் அதை உறுதிசெய்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட மறுத்தது.